மணிமுத்தாறும் ஒரு மக்கர் ஸ்கூட்டரும்!

திருநெல்வேலியிலிருந்து மணிமுத்தாறு சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் சேரன்மகாதேவி வருவதற்குள் தூங்கிவிடுவீர்கள். காரில் போனால் ஏ.சி.யைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிடுவீர்கள். வயற்காற்று வெளியிலேயே நின்றுவிடும். இந்த ரோட்டுக்கு ஸ்கூட்டர்தான் சரி. பத்தமடையில் கோரைப்பாய், வீரவநல்லூர்ப் பக்கம் வாழையும் நெல்லும், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம்... ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை உண்டு. கல்லிடையில் இடது பக்கம் திரும்பினால் எதிரே மலை, ஏதோ பக்கத்து வீட்டு மாடி மாதிரி அவ்வளவு கிட்டத்தில் நிற்கும்.

ஆனால் ஒன்று. இந்த வழி மனிதனுக்குத்தான் உல்லாசப் பயணம். ஸ்கூட்டருக்கு இது பரீட்சை ஹால். 40 கிலோமீட்டருக்கு மேல் சமதளத்தில் ஓடிச் சூடாகி, அந்தச் சூட்டோடு மலை ஏற வேண்டும். வண்டிக்குள் என்ன கோளாறு ஒளிந்திருந்தாலும் மணிமுத்தாறு வெளியே கொண்டுவந்துவிடும்.

அப்படி வெளியே வந்த ஒரு கோளாறைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மாமா பையன் ஒருவன். தனியார் ஆபீஸ் வேலை. சனி, ஞாயிறு வந்தால் ஊரில் நிற்காத கால். மாமா வைத்திருந்த பழைய இரண்டு ஸ்ட்ரோக், கியர் ஸ்கூட்டரை அவர் காலமான பிறகு தூசி தட்டி எடுத்தான். இன்றைய பையன்களுக்குத் தெரியாது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1972-ல் வந்த பஜாஜ் சேட்டக்குக்கு அப்படித்தான் வரிசை. மாமாவும் அந்த வரிசைத் தலைமுறைதான். அந்த ஸ்கூட்டரில்தான் அத்தையைக் கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப் போனார். சாய்த்து, நிமிர்த்தி, உதைத்து அவர் ஸ்டார்ட் செய்வதே ஒரு யோகாசனம்.

அப்பா வண்டியை மகன் அப்படியே ஓட்டியிருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளை விடுவானா? இரண்டு திருத்தங்கள் செய்தான். ஒன்று, கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, ரேஸ் வண்டி மாதிரி உறுமுகிற ஒரு குழாயை மாட்டினான். இரண்டு, எஞ்சின் மேல் மூடியிருந்த தகரக் கவரைக் கழற்றிப் பரணில் போட்டான். "காத்து நல்லா படட்டும் அத்தான். எஞ்சின் கூலா இருக்கும்" என்று அதற்கொரு விளக்கம் வேறு.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "உங்க மாமா தெரு முக்கு திரும்பும்போதே சத்தத்தை வச்சு தோசைக்கல்லைப் போடுவேன் மருமகனே. இப்ப இவன் வந்தா எவன் வாரான்னே தெரியல" என்றாள். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். அவன் உறுமல் வண்டியில் முன்னே. நான் என் நாலு ஸ்ட்ரோக், கியரில்லா ஸ்கூட்டரில் பின்னே. பத்தமடைக்குள் நுழையும்போது ஒரு பாட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவன் கையசைத்தான். சேரன்மகாதேவி தாண்டியதும் அறுவடை சீசன்; ரோட்டிலேயே வைக்கோலைப் பரப்பியிருந்தார்கள். அதன் மேலேயே ஏறிப் போனோம். (இந்த வைக்கோலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மணிமுத்தாறு நெருங்கும்போதுதான் வேடிக்கை. அங்கே என்ன இருக்கிறது தெரியுமோ? தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் 9-ம் அணி! எந்தப் பக்கம் பார்த்தாலும் காக்கி. உறுமல் வண்டிக்காரன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எஞ்சினை அணைத்து, இறங்கி, ஏதோ பூஜை சாமான் கொண்டுபோகிற பக்தன் மாதிரி பயபக்தியோடு தள்ளிக்கொண்டு நடந்தான்.

பயப்படக் காரணம் இருக்கிறது. 80 சி.சி.க்கு மேல் 175 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிகள் தயாரிப்பு நிலையில் 77 டெசிபல் சத்தத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ம் பிரிவின்படி, 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நான் பி.காம். ஆதலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குழாயின் விலையை விட அபராதம் அதிகம்!

மணிமுத்தாறு, தாமிரபரணியின் துணையாறு. காமராஜர் காலத்தில் அதன் குறுக்கே கட்டி, 1958-ல் முடிந்த அணை இது. 118 அடி உயரம் வரை நீர் தேங்கும். அணைக்குப் பின்னால் மலைப்பாதை ஆரம்பம். சில கிலோமீட்டரில் மணிமுத்தாறு அருவி. அதற்கும் மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை மலைகள். எல்லாம் 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிற இடம். வனத்துறை செக்போஸ்ட் தாண்டித்தான் போக வேண்டும். அருவிக்கு விடுவதும் விடாததும் அன்றைய தண்ணீரைப் பொறுத்தது. மாஞ்சோலைக்குப் போக முன்அனுமதி வேண்டும்.

எங்களை அருவிக்கு விட்டார்கள். மலைப்பாதையில் ஏறினோம். சிங்கவால் குரங்கு கண்ணில் படுமா என்று நான் மரங்களைப் பார்க்க, இந்த உறுமலுக்கு எந்தக் குரங்கு நிற்கும்? காடே காலியான மாதிரி இருந்தது.

மூன்றாவது வளைவோ நாலாவதோ... சத்தம் மாறியது. 'டர்ர்ர்' என்றிருந்தது 'கிணிங் கிணிங்' என்றாகி, இழுவை போய், கருகல் வாசனை வந்து, 'கிரீச்' என்று வண்டி நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் அசையவில்லை. பாறை மாதிரி இறுகிப் போயிருந்தது. பயல் பதறிப்போனான். பக்கத்திலிருந்த ஓடையிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்து எஞ்சின் மேல் ஊற்றப்போனான். தடுத்துவிட்டேன். அனல் பறக்கிற இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்பது தோசைக்கல்லைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியுமே!

ஏறி வந்த பாதை என்பதால் இறக்கம் இலவசம். நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, அணையடி டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கேதான் அந்த அண்ணாச்சியைப் பார்த்தோம். மாஞ்சோலைத் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவராம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிய தோட்டம் அது. 2024-ல் கம்பெனி வேலையை நிறுத்தியபோது பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. அதில் இவரும் ஒருவர். டீயை வைத்துவிட்டு வந்து, வண்டியின் வயிற்றை எட்டிப் பார்த்தார்.

"மேல இருந்த தகரம் எங்க தம்பி?"

"காத்து படணும்னு கழட்டிட்டேன் அண்ணாச்சி."

"நாசமாப் போச்சு. காத்து வரக்கூடாதுன்னா கம்பெனிக்காரன் அதை மாட்டியிருக்கான்?"

பிறகு ஒரு பாடமே நடந்தது. மோட்டார் பைக்கின் எஞ்சின் வெளியே தொங்குகிறது; ஓடும்போது எதிர்க்காற்று பட்டுக் குளிர்ந்துவிடும். ஸ்கூட்டர் எஞ்சின், பக்கத்துப் பானைக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே எதிர்க்காற்று எட்டாது. அதனால் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு காற்றாடி உண்டு. அது தள்ளுகிற காற்றை சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே வழிநடத்திப் போவதுதான் அந்தத் தகரக் கவர். அதைக் கழற்றினால் காற்றாடி ஊருக்கெல்லாம் விசிறும்; சிலிண்டருக்கு மட்டும் விசிறாது.

"வாய்க்காலை வெட்டி விட்டுட்டு வயல்ல தண்ணி பாயலன்னா எப்படிப் பாயும்?" என்றார்.

காற்றாடியின் வாயில் விரலை விட்டு எதையோ இழுத்தார். வைக்கோல்! சேரன்மகாதேவி ரோட்டிலிருந்து கூடவே வந்திருக்கிறது. செதில்களுக்கு நடுவே எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அல்வா மாதிரி அப்பியிருந்தது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"இது உம்ம சைலன்சர் செய்த வேலை" என்றார்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கிற சட்டி இல்லை. புகை வெளியேறும்போது கூடவே புதுப் பெட்ரோல் காற்றும் கொஞ்சம் நழுவி ஓடப் பார்க்கும். சரியான வடிவத்தில் செய்த குழாய், புகையின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, ஓடுவதை உள்ளேயே தள்ளிவிடும். கண்ட குழாயை மாட்டினால் அந்தக் கணக்கு கெடுகிறது. கார்புரேட்டரை அதற்கேற்ப மாற்றாமல் விட்டால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் சூடு ஏறுகிறது. அலுமினிய பிஸ்டன் இரும்பு சிலிண்டரை விட அதிகமாக விரியும். விரிந்து, இறுகி, பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில் 'சீஸ்'.

"இந்தா பாரும், அணையில ஷட்டர் எதுக்கு? எல்லாத் தண்ணியும் ஓடிருச்சுன்னா 80 அடிக் கால்வாய்க்காரன் என்ன செய்வான்?" என்று பின்னாலிருந்த அணையைக் காட்டினார். இதற்கு மேல் எந்தப் புரொபசர் விளக்க முடியும்?

இந்தக் குழாய் ரகசியத்துக்காக உலகத்தில் ஒரு துப்பறியும் கதையே நடந்திருக்கிறது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற எஞ்சினீயர், இந்த அழுத்த அலை வித்தையை ரேஸ் வண்டிகளில் கரை கண்டார். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-ல் ஸ்வீடன் ரேஸுக்குப் போனவர் அப்படியே மேற்கே தப்பித்து, ஜப்பானின் சுஸுகியில் சேர்ந்தார். தலைக்குள் அந்த வித்தையும் போனது. மறு வருஷம், 1962-ல், 50 சி.சி. உலக சாம்பியன் யார்? சுஸுகியில் ஓடிய அதே டெக்னர்! ஒரு நாட்டு வித்தை இன்னொரு நாட்டுக்கு ஓடுகிற அளவு நுட்பமான குழாயை, நம்ம பையன் சத்தம் பிடித்திருக்கிறது என்று கடையில் தொங்கியதை வாங்கி மாட்டியிருக்கிறான்.

கவர் வீட்டுப் பரணில். வண்டியை ஓட்டிப் போக வழியில்லை. கடைசியில் ஒரு 'குட்டி யானை'யில் ஏற்றிக் கட்டி ஊருக்கு அனுப்பினோம். புலிகள் காப்பகத்துக்குப் போய் நாங்கள் பார்த்த ஒரே யானை அதுதான்!

கிளம்பும்போது அண்ணாச்சி சொன்னவற்றை என் டைரியில் குறித்துக்கொண்டேன். பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கும் வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்:

மேடு ஏறும்போது டாப் கியரில் திணறத் திணற ஏறாதீர்கள். காற்றாடியின் வேகம் எஞ்சின் வேகம். சின்ன கியரில் எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றினால்தான் காற்று வரும்.

நீள இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடியே வராதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. அவ்வப்போது லேசாகத் திறந்து எஞ்சினுக்கு எண்ணெய் காட்டுங்கள்.

மேலே ஏறியதும் படக்கென்று அணைக்காதீர்கள். ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும். எஞ்சின் நின்றால் காற்றாடியும் நின்றுவிடும்.

ஆயில் அளவு, வண்டிப் புத்தகத்தில் போட்டபடி. பிற்காலத்து இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி. குறைத்தால் பிஸ்டன் போகும். கூட்டினால் சைலன்சரில் கரி சேரும்.

கரி சேர்ந்தாலும் ஆபத்துதான். மூச்சு முட்டி எஞ்சின் சூடாகும். அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

நாலு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் கியரில்லா ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் அதே காற்றாடி, அதே கவர்தான். சர்வீஸுக்கு விடும்போது அதைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ஊருக்கு வந்ததும் பரணிலிருந்து இரண்டும் இறங்கின. பழைய சைலன்சரை மெக்கானிக் நெருப்பிலே காய்ச்சித் தட்டினார். உள்ளிருந்து கொட்டிய கரியில் மாமா ஓட்டிய பல வருஷம் இருந்திருக்கும். நல்லவேளை, சிலிண்டருக்குப் பெரிய சேதம் இல்லை. தேய்த்து, புது பிஸ்டன் போட்டு முடித்தார்கள். அந்த ரேஸ் குழாய் மட்டும் இப்போது மாடித் தோட்டத்தில் அவரைக்கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. காய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி போனோம். அருவி வரை ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. அணையடியில் அண்ணாச்சி, வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "எங்க ஃபாக்டரி மெஷின் சத்தமும் எனக்கு அப்படித்தான், தூக்கத்துலயே தெரியும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மாமா தெருவுக்குள் திரும்பினோம். வாசலில் வண்டியை நிறுத்தும் முன்பே உள்ளேயிருந்து 'சொய்ங்' என்று ஒரு சத்தம். தோசைதான்!