வாயை மூடிக்கொள்ள ஆறு வருடம்!

ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னைத் தேடி இரண்டு ரக ஆட்கள் வருவார்கள். முதல் ரகம், "டாக்டராமே நீங்க... இந்த முழங்கால் வலிக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்று காலை நீட்டுகிறவர்கள். இரண்டாவது ரகம், "நான் இப்ப மனசுல என்ன நினைக்கிறேன்? சொல்லுங்க பார்ப்போம்!" என்று கண்ணைச் சிமிட்டுகிறவர்கள். இரண்டு ரகத்தையும் ஏமாற்றித்தான் அனுப்பவேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா இன்னும் கறார். "ஊசி போடத் தெரியாது. மாத்திரை எழுதத் தெரியாது. அப்புறம் ஆறு வருஷம் அமெரிக்காவுல என்னதாண்டா படிச்சே?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

சென்னையில் ஒரு கம்பெனியின் பெர்சனல் டிபார்ட்மெண்டில் லீவு லெட்டர்களை ஃபைல் பண்ணிக்கொண்டிருந்தவன் நான். 2007-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, அமெரிக்காவில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு யூனிவர்சிட்டியில் கவுன்சலிங் சைக்காலஜி பி.எச்டி. சேர்ந்தேன். "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று கேட்டவர்களே அதிகம். இந்தத் துறை பிறந்த கதை வேறு. 1908-ல் பாஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், எந்த வேலைக்குப் போவது என்று புரியாமல் திண்டாடிய இளைஞர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆபீஸ் திறந்தார். பிறகு இரண்டாம் உலகப்போர் முடிந்து, லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். வேலை, படிப்பு, குடும்பம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டிய நிலை. அவர்களுக்குக் கைகொடுக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1951-ல் நார்த்வெஸ்டர்ன் யூனிவர்சிட்டியில் கூடிப் பேசித்தான் இந்தத் துறைக்கு இன்றைய பெயரையும் பயிற்சி முறையையும் வகுத்தார்கள். ஆக, வேலையில்லாத வாலிபர்களுக்காக முளைத்த படிப்பு இது. ஒரு வகையில் நமக்கெல்லாம் சொந்தம்!

முதல் வருடம் தியரியும் ஸ்டாடிஸ்டிக்ஸும் வதைத்தன. அது எந்தப் படிப்பிலும் உண்டு. நிஜமான வதை மாலை வகுப்பில். மூன்று மூன்று பேராக உட்கார வைப்பார்கள். ஒருவர் தன் கவலையைச் சொல்லவேண்டும். இன்னொருவர் கேட்கவேண்டும். மூன்றாமவர் கவனித்துக் குறிப்பெடுப்பார். கேட்பவருக்கு மூன்று தடையுத்தரவு. ஒன்று, புத்தி சொல்லக்கூடாது. இரண்டு, 'எனக்கும் போன வருஷம் இப்படித்தான்...' என்று ஆரம்பிக்கக்கூடாது. மூன்று, 'கவலைப்படாதே, எல்லாம் சரியாயிடும்' கூடவே கூடாது.

யோசித்துப் பாருங்கள் சார். இந்த மூன்றையும் பிடுங்கிவிட்டால் நம்மூரில் ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் பேச என்ன மிச்சம் இருக்கிறது? பஸ்ஸில் லேசாகத் தும்மினால் போதும். பக்கத்து சீட்காரர் சுக்குக் கஷாயத்தில் ஆரம்பித்து, நாம் எந்தக் கோயிலுக்கு எத்தனை விளக்குப் போடவேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து போனவனுக்குப் பத்து நிமிடம் புத்தி சொல்லாமல் இருப்பது, கல்யாணப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்து விரதம் இருப்பது மாதிரி. ஒரே ஆறுதல், வெள்ளைக்காரப் பையன்களும் அதே மாதிரி நெளிந்தார்கள்.

அடுத்த வருடம் நிஜ மனிதர்கள் வந்தார்கள். (யார், என்ன, எதற்கு என்றெல்லாம் கேட்காதீர்கள். சொன்னால் லைசென்ஸ் போய்விடும்.) அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டபின் ஒவ்வொரு சந்திப்பும் வீடியோவில் பதிவாகும். வாரம் ஒரு தடவை சூப்பர்வைசரோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்கவேண்டும். இந்த வழக்கத்துக்கு முன்னோடி கார்ல் ராஜர்ஸ் என்கிற மேதை. ஒருவரோடு நடத்திய எட்டுச் சந்திப்புகளையும் ஒலிப்பதிவு செய்து, ஒரு வார்த்தை விடாமல் 1942-லேயே புத்தகத்தில் அச்சிட்டார். அதற்குமுன் அறைக்குள் என்ன நடந்தது என்பது கவுன்சலர் சொல்வதுதான். சினிமாவுக்குப் போகாதவன் கதை சொல்கிற மாதிரி, யாரும் சரிபார்க்க முடியாது!

என் சூப்பர்வைசர் அறுபது வயது அம்மாள். பாட்டி மாதிரி சிரிப்பார், சி.பி.ஐ. மாதிரி கேட்பார். டேப்பைச் சட்டென்று நிறுத்தி, "இங்கே அவர் எட்டு விநாடி பேசவில்லை. அப்போது உனக்கு என்ன செய்தது?" என்பார். அவருக்கு என்ன செய்தது என்றல்ல, எனக்கு என்ன செய்தது என்று! மாதக்கணக்கில் இதே கேள்வி. மெல்ல மெல்ல விளங்கியது. நாம் புத்தி சொல்வது பெரும்பாலும் எதிரில் இருப்பவருக்காக இல்லை. அவர் அழுவதை நம்மால் தாங்க முடியவில்லை. அழுகையை நிறுத்தத்தான் அவசர அவசரமாக ஆலோசனையைத் தூக்கிப் போடுகிறோம், குழந்தை வாயில் மிட்டாயைத் திணிக்கிற மாதிரி.

இன்னொரு பாடம், கேட்கவேண்டியதை நேராகக் கேட்பது. 'எதுக்கு இருக்கணும்னு தோணுது' என்று ஒருவர் சொன்னால், 'அப்படியெல்லாம் பேசாதீங்க' என்று வாயடைக்கக்கூடாது. சுற்றி வளைக்காமல், 'தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?' என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்கவேண்டும். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று எல்லாருக்கும் பயம். அப்படி வருவதில்லை என்பதுதான் ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருப்பது. பாத்ரூம் கண்ணாடி முன் நின்று அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். குரல் நடுங்காமல் வர இரண்டு மாதம் ஆயிற்று.

கடைசியில் வந்தது பொருத்தம் பார்க்கும் படலம். ஜாதகப் பொருத்தம்தான் சார்! பட்டம் வாங்குமுன் ஒரு வருடம், சுமார் 2000 மணி நேரம், இன்டெர்ன்ஷிப் முடிக்கவேண்டும். நாடு முழுக்க விண்ணப்பித்து இன்டர்வியூவுக்கு அலையவேண்டும். பிறகு நாம் ஒரு வரிசை கொடுப்போம், அவர்கள் ஒரு வரிசை கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். நான் எழுதிப்போட்ட 2012-ல் இடங்களைவிட ஆட்கள் பல நூறு பேர் அதிகம். போதாக்குறைக்கு, நிறைய இடம் வைத்திருக்கும் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அந்தக் கதவு எனக்கு மூடியே இருந்தது. இடம் கிடைக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும், விசா சிக்கலாகும். பெண் வீட்டார் வேறு, "மாப்பிள்ளை இன்னுமா படிக்கிறார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஈமெயில் வந்தது. கிடைத்துவிட்டது! இந்த ஜோடிக் கணக்குக்கு அடித்தளம் போட்ட லாயிட் ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் அதே வருடம் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். கொடுக்கவேண்டியதுதான். எனக்கு இடமும் கிடைத்தது, கல்யாணமும் நடந்தது.

இவ்வளவு படித்ததில் ஊருக்கு என்ன லாபம்?

2018 டிசம்பரில் லீவில் வந்திருந்தேன். பழைய கூட்டாளிகள் ஐந்தாறு பேர் டீக்கடை பெஞ்சில். அதில் ஒருவனுக்கு சேல்ஸ் வேலை, தலைக்குமேல் கடன். பேச்சோடு பேச்சாக, "பேசாம போய்ச் சேர்ந்துட்டா இன்ஷூரன்ஸ் பணமாவது வரும்டா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அவனோடு தனியாக நடந்தேன். "டேய், சாகணும்னு நினைக்கிறியா?" என்று கேட்டேன்.

தெருமுனை வரும்வரை அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. அப்புறம், "ஆமாண்டா" என்றான்.

நண்பனுக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. காது கொடுக்கக்கூடாது என்று விதி இல்லை. பெருமாள் கோயில் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். பணத்துக்கு ஒரு யோசனைகூட நான் சொல்லவில்லை. இரவு அவன் அண்ணனிடம் இருவருமாகச் சொன்னோம். அன்றிரவு அவனைத் தனியே விடவில்லை. மறுநாள் காலை கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். இன்றைக்கும் அவன் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். கடன் தீரவில்லை. ஆனால் கிரிக்கெட்டில் நம்மவர்கள் தோற்றால் எனக்கு போன் போட்டுத் திட்டுகிறான்.

அந்தக் கேள்வியைக் கேட்க பி.எச்டி. தேவையில்லை. பெஞ்சில் இருந்த யாரும் கேட்டிருக்கலாம். கேட்டபின் என்ன செய்வதென்று புரியாவிட்டால், மத்திய அரசின் டெலி-மானஸ் இருக்கிறது. 14416-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். 2022-லிருந்து நடக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.

உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். கொஞ்ச நாளாகக் கேண்டீன் பக்கம் வராமல், ஜோக் அடித்தால் எல்லாருக்கும் கடைசியாகச் சிரிப்பவர். இரண்டு டீ சொல்லிவிட்டு, "என்னப்பா ஆச்சு?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். டீ ஆறினால் ஆறட்டும்.