தோள் தாங்கும் துவக்கு

வன்னியில் இடியன் துவக்கு வைத்திருந்தவர்களுக்குக் கலிபர் என்ற சொல் தேவைப்படவில்லை. குழாய்க்குள் மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, கம்பியால் இடித்து, கைக்குக் கிடைத்த ஈயத்தை உள்ளே விடுவார்கள். இடிப்பதால் அது இடியன். என்னுடைய அம்மப்பா அதைப்பற்றிச் சொன்ன ஒரே தொழில்நுட்ப விளக்கம் இதுதான்: "மருந்து கூடினா மரைக்கு முதல் உனக்குத்தான் விழும்." அவருடைய வலது தோளில் ஒரு கறுத்த தடம் இருந்தது. சின்ன வயதில் அது மச்சம் என்றே நினைத்திருந்தேன்.

நோர்வேயின் கிழக்குக் காடுகளில் பதின்மூன்று வருடமாக ஒரு வேட்டை அணியோடு போய் வருகிறேன். இங்கே வேட்டை என்றால் முதலில் எல்க். அமெரிக்கர்கள் மூஸ் என்று சொல்லும் மிருகம். வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டக்கூடும். பெரும்பாலான இடங்களில் செப்டெம்பர் 25இல் வேட்டைக்காலம் தொடங்கும். அந்தக் கிழமை பள்ளிக்கூட வாத்தியாரும் லொறிச் சாரதியும் ஒரே நெருப்பைச் சுற்றிக் குந்தியிருந்து கோப்பி குடிப்பார்கள். மகள் 16 வயதிலிருந்து பயிற்சிக்காக என்னோடு வந்தவள். சென்ற வருடம் 18 ஆனது. இனி தனித்துச் சுடலாம், சொந்தமாகத் துவக்கும் வேண்டலாம்.

முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளேயே வந்தது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் பிள்ளைக்குத் துவக்கு வாங்கிக் குடுக்கப் போறியள்" என்றாள் மனைவி. நான் வாங்கியபோது அவள் இப்படிச் சொல்லவில்லை. எல்க் இறைச்சியில் அவள் வைக்கிற பிரட்டல் கறிக்கு ஒஸ்லோவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதைச் சொல்லி வாதாடலாம்தான். ஆனால் அவள் சொன்னதற்கு அது பதில் இல்லை. என்னிடம் வேறு பதிலும் இருக்கவில்லை.

மகளுக்கு வேறு பிரச்சினை. "அப்பா, பெரிய மிருகத்துக்குப் பெரிய ரவை வேணுமெண்டு எல்லாரும் சொல்லினம். .300 வின்செஸ்டர் மேக்னம் எடுப்பம்." எல்லாரும் என்றால் அணியில் இருக்கும் இரண்டு பேர். அவள் 52 கிலோ. அந்த இரண்டு பேரும் அவளுக்குச் சவால் விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது.

அன்றிரவு ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். சன்னம் முன்னால் போகும் உந்தமும் வெடித்த மருந்தின் வாயு போகும் உந்தமும் சேர்ந்து, அதே அளவு துவக்கைப் பின்னால் தள்ளும். பாடசாலையில் படித்த நியூட்டன்தான். துவக்கு 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், பழைய 6.5×55 சுமார் 16, 17 ஜூலோடு தோளைத் தள்ளும். .308 வின்செஸ்டர் 21, 22. நான் வைத்திருக்கும் .30-06 இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே. மகள் கேட்ட .300 மேக்னம் 35. ஜெர்மன்காரன் ஒருவன் 1905இல் செய்த 9.3×62, 40ஐத் தொடும். அதாவது அவள் கேட்டது 6.5ஐப் போல இரண்டு மடங்கு உதைக்கும். துவக்கின் பாரத்தை இரட்டித்தால் உதை பாதியாகும், ஆனால் 8 கிலோவை யார் மலையில் சுமப்பது?

இரண்டு மடங்கு உதை வாங்கினால் எல்க்கும் இரண்டு மடங்கு சாகுமா? நுரையீரலுக்குள் சரியான சன்னம் போனால் எந்தக் கலிபராக இருந்தாலும் அது கொஞ்சத் தூரம் நடந்து விழும். வயிற்றில் பட்டால் எந்த மேக்னமும் அதைக் காப்பாற்றாது. வேட்டைக்காரனையும் காப்பாற்றாது. நோர்வேச் சட்டம் இதை இலக்கங்களில் எழுதி வைத்திருக்கிறது. எல்க்குக்கு விரிகிற சன்னம் வேண்டும். 9 முதல் 10 கிராம் வரையிலான சன்னத்துக்கு 100 மீற்றரில் 2700 ஜூல் இருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 போதும். 6.5×55க்கு 10.1 கிராம் சன்னம் விற்கிறார்கள். அந்தப் புள்ளி ஒன்று ஏன் என்று சட்டத்தை வாசித்த பிறகுதான் விளங்கும். 1894இல் நோர்வே இராணுவம் கிராக்-யோர்கென்சன் துவக்கோடு எடுத்துக்கொண்ட ரவை அது. இன்றைக்கும் எல்க் விழுத்துகிறது.

கலிபர் இலக்கங்கள் எப்போதும் மிருகத்தைப் பார்த்து வந்தவை அல்ல என்பதற்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 1907 அளவில் பிரித்தானியர் இந்தியாவுக்குள் .450 கலிபர் வருவதைத் தடுத்தார்கள். பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவத் துவக்குகளை வைத்திருக்கும் கிளர்ச்சிக்காரர் கையில் அந்தச் சன்னம் சேர்ந்துவிடும் என்ற பயம். உடனே லண்டன் துவக்குக் கொம்பனிகள் .465, .470, .475 என்று புதிதாக விற்கத் தொடங்கின. யானைக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. அரசாங்கத்துக்குத் தெரிந்தது.

சரி, உதைக்கு வருவோம். வலி அதில் பெரிய விசயமில்லை. ஒரு நாள் கன்றும், மறுநாள் போய்விடும். உடம்பு அந்த வலியை நினைவு வைத்துக்கொள்வதுதான் சிக்கல். அடுத்த முறை விசையில் விரல் போகும்போதே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், வெடிக்கு முன்னமே குழாயின் வாய் கீழே இறங்கும். சுடுகிறவருக்கு இது தெரியாது. வெடிச் சத்தமும் உதையும் அதை மூடிவிடும்.

எங்கள் அணியில் 110 கிலோ மின்சாரத் தொழிலாளி ஒருவர் .300 மேக்னம் வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய வெடி ஒரு பெண் எல்க்கின் வயிற்றில், மிகவும் பின்னால் பட்டது. அணித்தலைவர் எங்களை அசையவிடவில்லை. அடிபட்ட மிருகத்தை உடனே துரத்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு தேடல் நாயைக் கொண்டுவந்தார்கள். எல்க் வேட்டைக்கு அப்படி ஒரு தகுதி பெற்ற நாய் ஒழுங்கு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம். மகளும் நானும் பின்னால் நடந்தோம். பாசிமேல் இரத்தத்தைவிட இரைப்பைப் பச்சைதான் கூடுதலாகத் தெரிந்தது. மூன்று கிலோமீற்றர் போன பிறகு, இருட்டுகிற நேரத்தில், சதுப்பில் படுத்திருந்ததைக் கண்டோம். தலை நிமிர்ந்திருந்தது. நாய்க்காரர் முடித்துவைத்தார். மகள் வீடு வரும்வரை ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

வசந்தத்தில் சுடுதளத்தில் தலைவர் அந்த மனிதரின் துவக்கைத் தான் வாங்கி ரவை போட்டுப் போட்டுக் கொடுத்தார். நடுவில், சொல்லாமல், மருந்தில்லாத ரவை ஒன்று. மூன்றாவது முறை விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. வெடிக்காத துவக்கு மண்வெட்டி கொத்துகிறதுபோலக் கீழே குத்தியது. பார்த்துக்கொண்டிருந்த ஏழு பேரும் கண்டோம். அவரே கண்டார். அந்த அளவு உடம்புக்கு உதை ஒரு பொருட்டே இல்லை என்று எல்லாரும் நினைத்திருந்தோம். ஆனால் இமைக்கும் விரலுக்கும் நிறை தெரியாது. அந்தக் கோடையில் அவர் .308க்கு மாறினார். அதைச் செய்ய அவருக்குப் பெரிய மனம் வேண்டியிருந்தது என்றுதான் சொல்வேன்.

சின்னக் கலிபருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஸ்கொட்லாந்துக்காரர் கரமோஜோ பெல்லை இழுப்பார்கள். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர், பெரும்பாலும் 7 மில்லிமீற்றர் துவக்கால். இன்றைக்கு வாசிக்கும்போது அந்த எண்ணிக்கையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் யானை மண்டையோடுகளை வாளால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். அவருடைய கலிபரை எடுப்பது லேசு. அந்த அறிவையும் கையையும் யார் தருவார்கள்? அதனால்தான் சட்டத்தில் ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறார்கள், நான் அதற்கு எதிரி இல்லை. மேல் எல்லையை அவரவர் தோள்தான் வைக்க வேண்டும்.

மகளிடம் சொல்லாமல், மேக்னத்தையே முதலில் சுட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். மேசையில் துவக்கை வைத்துச் சுடும்போது உதை கூடுதலாகத் தெரியும், உடம்பு பின்னால் வளைய இடமில்லை. அதனால் நின்றபடி சுடவைத்தோம். மூன்று வெடி. தொலைநோக்கி புருவத்தைத் தொடாமல் போனது அதிர்ஷ்டம், சில பேருக்கு அங்கே பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கும். பிறகு .308இல் ஐந்து, 6.5இல் ஐந்து. தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளே பார்த்தாள். 6.5தான் நெருக்கமாக இருந்தது. எனக்குச் சந்தோசம். ஆனால் அவள் .308 என்றாள்.

"கிராமத்துக் கடையிலையும் ரவை கிடைக்கும். சைலன்சர் போட்டா உதை குறையும்தானே?"

குறையும். இந்த நாட்டில் சைலன்சர் வேட்டைக்காரரிடம் சாதாரணம். வாயுவைப் பிடித்து வைப்பதாலும், முன்னால் பாரம் கூடுவதாலும் உதை நன்றாக மென்மையாகிவிடும், பக்கத்தில் நிற்கும் நாயின் காதும் தப்பும். உதையைக் குறைக்க இன்னொரு கருவி குழாயின் நுனியில் துளைகளோடு வருகிறது. அது வாயுவைப் பக்கவாட்டில் அடித்து, உங்கள் தோளின் துன்பத்தை அயலில் நிற்பவரின் காதுக்கு மாற்றிவிடும். எனக்கு அது பிடிக்காது.

மிச்சம் கட்டையின் நீளம். கடையில் தொங்கும் துவக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய ஆணின் கைக்கு அளந்தவை. கட்டை நீண்டால் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டும், கட்டையின் அடி தோள் குழியில் இருக்காமல் கையின் மேல் எலும்புக்கு வழுக்கும். அங்கே அடித்தால் 20 ஜூலும் 40 போலிருக்கும். "துவக்கு உதைக்குது" என்று சொல்லும் பெண்களில் பாதிப் பேருக்குக் கலிபரில் குற்றமில்லை, தச்சனிடம் போனால் போதும் என்பது எங்கள் தலைவரின் கட்சி. அவருக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் மகளை நிறுத்தி அளந்து இரண்டு சென்ரிமீற்றர் வெட்டி, தடித்த ரப்பர் மெத்தை ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்.

இப்போது அவள் கிழமையில் மூன்று நாள் வரவேற்பறையில் நின்று வெற்றுத் துவக்கால் சுவரில் ஒட்டிய காசளவு புள்ளியைக் குறிபார்த்து விசை இழுக்கிறாள். சுடுதளத்தில் .22 கனக்க, .308 ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் இல்லை. களைத்த தோள் கெட்ட பழக்கம் படிக்கும். பெருமிருக வேட்டைக்கு ஒவ்வொரு வருடமும் தேர்வு எழுதவேண்டும், பேனையால் அல்ல. முப்பது பயிற்சி வெடிகள், பிறகு 100 மீற்றரில் கலைமான் உருவம், 30 சென்ரிமீற்றர் வட்டம், ஐந்து வெடியும் உள்ளே. நான்கு போதாது.

சனிக்கிழமை தேர்வு. மனைவி வரமாட்டாள், ஆனால் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டிருக்கிறாள். நேற்றிரவு மகள் சுவரைக் குறிபார்த்து நிற்கும்போது அவள் சமையலறையிலிருந்து வந்து, துவக்கைப் பாராமல், "நாரியை இவ்வளவு வளைக்காதை பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது சரியான திருத்தம்தான். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்.