மறுமொழி வரும் வழி

எங்கள் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் வந்துவிட்டது. ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே ஜெபியுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள், ஆமென்கள். இது 2009 வாக்கிலேயே மின்னஞ்சலில் சுற்றிய செய்தி. அதன் அடியில் உண்மை ஒன்று உண்டு. 2007 ஜூலையில் தென்கொரியாவின் சேம்முல் சபையைச் சேர்ந்த 23 பேரை கஸ்னி மாகாணத்தில் தாலிபான்கள் கடத்தினார்கள். இருவரைக் கொன்றார்கள், அவர்களில் ஒருவர் குழுவை நடத்திச் சென்ற போதகர். மற்றவர்கள் ஆகஸ்ட் மாதத்துக்குள் விடுவிக்கப்பட்டார்கள். உண்மையாகவே உயிர்விட்ட அந்த இருவரை நம் குழுக்களில் யாருக்கும் தெரியாது. இல்லாத 22 பேருக்காக வருஷா வருஷம் கண்ணீர் விடுகிறோம்.

"ஜெபம்தானே, செய்தால் என்ன குறைஞ்சிரும்?" என்று ஓர் அக்கா கேட்டார். நல்ல மனசோடு கேட்ட கேள்வி, தட்டிவிட முடியாது. ஆனால் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணியை, பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊரே கூடி அடித்துக் கொன்றது. அந்தப் பீதியும் இதே வழியில்தான், இதே "உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்ற வரியோடுதான் வந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தது. பதறியவுடன் அனுப்பப் பழகிய விரல், ஜெபச் செய்தி எது, பீதிச் செய்தி எது என்று பார்க்காது.

அதனால் சாமியாரோ ஐயரோ பாஸ்டரோ, யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவர், அதே குழுவில், ஒரு மணி நேரத்துக்குள், தன் பெயரில் எழுத வேண்டும்: இது பொய், அனுப்பாதீர்கள். ஞாயிறு பூசை அறிவிப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் அது ஐம்பது குழுக்களுக்குப் போயிருக்கும்.

*

இப்படி மறுமொழி சொல்வதுபோலவே மறுமொழி கேட்பதும் முக்கியம். அதற்குத் தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். 1706 ஜூலையில் மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். சில ஆண்டுகளிலேயே லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறோம். தொழில்நுட்பத்தை முந்திக்கொண்டு பிடித்தார், நாமும் பிடிக்க வேண்டும் என்று பேச்சு முடியும்.

அந்த மேடைகளில் வராத பாதி ஒன்று இருக்கிறது. அச்சகம் வருவதற்கு முன்பே அவர் பனையோலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு 1708இல் பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். பிறகு, அச்சு வேலை மும்முரமாக நடந்த 1712 முதல் 1714 வரையான காலத்தில், அவரும் உடனிருந்த கிரூண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் வழிபாடு எப்படி, மருத்துவம் எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ நூறு மறுமொழிக் கடிதங்கள் வந்தன. அவற்றை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஐரோப்பியர்களின் குடியும் நடத்தையும் எங்களுக்கு அருவருப்பாக இருக்கின்றன என்று அவற்றில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அதையும் சேர்த்தே அச்சிட்டார்கள்.

அச்சு இயந்திரம் இங்கிருந்து பேசியது. கடிதம் அங்கிருந்து பேசியது. எந்தப் புதிய கருவி வந்தாலும் திருச்சபைத் தலைவர்களிடம் நான் முதலில் கேட்க நினைப்பது இதைத்தான்: மறுமொழி எந்த வழியாக உங்களிடம் வருகிறது? வந்தால் யார் படிக்கிறார்கள்?

*

மறுமொழி என்றால் பாராட்டு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு இருக்கிறது. நம் குருமடங்களிலும் வேதாகமக் கல்லூரிகளிலும் இதை ஒரு பாடமாகவே வைக்கலாம்.

சார்லஸ் காஃப்லின். டெட்ராய்ட் நகருக்கு வெளியே ராயல் ஓக் என்ற ஊரில் பங்குத்தந்தை. 1926இல் வானொலியில் பேசத் தொடங்கினார். அவருடைய கோயில் வளாகத்தில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெறுப்புக் கூட்டம் சிலுவையை எரித்த காலம் அது. பேச்சு ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கான மறைக்கல்விதான். குரல் அபாரம். பொருளாதாரப் பெருமந்தம் வந்து ஜனங்கள் வேலையில்லாமல் தெருவில் நின்றபோது, வங்கி முதலாளிகளைத் தாக்கிப் பேசினார், கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். வரும் கடிதங்களைப் பிரித்து அடுக்கவே நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தர்களை வைத்திருந்தார். உறைக்குள் காணிக்கை இருந்தது, புகழ் இருந்தது. "சாமி, இது தப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தாலும் அது அந்தக் குவியலில் எங்கே தெரியப்போகிறது?

1930களின் பிற்பாதியில் பேச்சு யூத வெறுப்பாக மாறியது. அவருடைய பத்திரிகை, யூதர்கள் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்ற பொய் ஆவணத்தை 1938இல் தொடராக வெளியிட்டது. அந்த நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் ஜெபக்கூடங்களும் கடைகளும் எரிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வானொலியில் நாஜிகள் பக்கம் நியாயம் இருப்பதுபோலப் பேசினார். நியூயார்க்கில் ஒரு நிலையம் அவர் பேச்சை இனி ஒலிபரப்ப மாட்டோம் என்றது.

அதுவரை அவருடைய ஆயர்கள் என்ன செய்தார்கள்? பேராயர் அல்ல, ஒரு வானொலி நிலையம் முதலில் நிறுத்தியது என்பதை நான் தாண்டிப் போக முடியவில்லை. டெட்ராய்ட் ஆயர் கேலகர் 1937இல் இறக்கும்வரை அவருக்குத் துணையாகவே நின்றார். அடுத்து வந்த பேராயர் மூனிக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனாலும் முற்றாக வாயடைக்கச் சொன்னது 1942இல், அரசாங்கமே அந்தப் பத்திரிகை மீது நடவடிக்கை எடுத்தபோதுதான். சொன்னதும் காஃப்லின் கீழ்ப்படிந்தார், 1966 வரை அதே ஊரில் பங்கு வேலை பார்த்தார். ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது. அந்த வார்த்தை வராமலே பல ஆண்டுகள் போயின.

இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் பல்லாயிரம் பேர் பின்தொடரும் பிரசங்கியார்கள் இருக்கிறார்கள். பக்கத்து மதத்தாரை, பக்கத்துச் சபையை, சில நேரம் ஒரு சாதியை இழித்துப் பேசிய காணொளி நம் கைக்கும் வருகிறது. "அவர் பெரிய ஊழியக்காரர், நாம் எப்படிச் சொல்வது" என்று மூத்தவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

*

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. இலங்கையில் கோயில்களில் குண்டுகள் வெடித்தன. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அடுத்த ஞாயிறு கோயில்களில் பூசை கிடையாது என்று அறிவித்துவிட்டு, கர்தினால் மால்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் பூசை வைத்தார். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. மே மாதத் தொடக்கத்தில் நீர்கொழும்பில் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மோதல் வெடித்தபோது, பழிவாங்காதீர்கள், முஸ்லிம்கள் மீது கை வைக்காதீர்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார், நேரிலும் போனார். ஊடகத்தில் முகம் தெரிந்த அதே ஆள் தெருவிலும் வந்து நின்றார். உண்மையை வெளிக்கொண்டு வாருங்கள் என்று அரசைப் பின்னாளிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

*

காணிக்கைக் கணக்கு. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கச் சிறு நூல். என்றீக்கே பாதிரியார் ஆக்கியது. அச்சுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் மூழ்கிச் சம்பாதித்த காசு எங்கே போனது என்று கேட்டால், கையில் ஒரு புத்தகத்தைக் காட்ட முடிந்தது. இன்று தொலைக்காட்சி ஊழியத்துக்கும் யூடியூப் ஊழியத்துக்கும் மாதாமாதம் பணம் அனுப்பும் பீடி சுற்றும் அம்மாவுக்கு அப்படி எதைக் காட்டுகிறோம்? தணிக்கை செய்த கணக்கை அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில் வாசிக்கலாமே.

*

கொரோனா ஊரடங்கு. எங்கள் தெருக்கோடிப் பாட்டி வீட்டில் பேரன் கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போவான். பாட்டி முக்காடு போட்டுக்கொண்டு உட்காருவாள். நற்செய்தி வாசிக்கும்போது சுவரைப் பிடித்து எழுந்து நிற்பாள். சாமியார் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றால் சத்தமாகப் பதில் சொல்வாள். அந்த மாதங்களில் நேரலை இல்லாவிட்டால் பல வயசாளிகள் மனசொடிந்து போயிருப்பார்கள். செய்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கோயில் திறந்த பிறகும் பாட்டிக்கு முட்டு தேறவில்லை. இன்னும் கைப்பேசியில்தான் பூசை. ஒருநாள் சொன்னாள்: "தெனமும் எங்க வீட்டுக்குத்தான் சாமி வாராரு. நான் இருக்கேனா போயிட்டேனான்னுதான் அவருக்குத் தெரியாது."

இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று வத்திக்கான் 2002இலேயே ஆவணமாக எழுதிவிட்டது. 2020 மார்ச்சிலிருந்து தினமும் சாந்தா மார்த்தா சிற்றாலயப் பூசையை நேரலையில் கொடுத்த போப் பிரான்சிஸ், ஏப்ரல் 17 மறையுரையில், திரைவழிப் பழக்கம் மட்டுமே திருச்சபை ஆகிவிடாது என்று எச்சரித்தார். மே 18இல் இத்தாலியில் மக்களோடு பூசை மீண்டும் தொடங்கியது; அந்தத் தினசரி நேரலை அதோடு நின்றது. தொடங்கத் தெரிந்ததுபோல் நிறுத்தவும் தெரிந்திருந்தது. நம் ஊரில் பாட்டிக்காக நேரலை தொடர்வது நல்லதுதான். ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணோடு, பார்க்கிறவர்களில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் அறைவீட்டில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நன்மை கொண்டுபோக ஒரு கன்னியாஸ்திரியோ அன்பியப் பொறுப்பாளரோ போதும்.

*

ஜெப விண்ணப்பங்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கோ மிகவும் உறுத்துகிறது. "நம் சபையின் இன்னார் மகளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஜெபியுங்கள்." "இன்னார் மகன் குடிமறுவாழ்வு மையத்தில் இருக்கிறான்." குழுவில் 300 பேர். அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியும், இருந்தும் எழுதுகிறார், அன்பில்தான் எழுதுகிறார். முன்பு இதே விண்ணப்பம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பத்துப் பேர் காதோடு நின்றது. இப்போது படம் பிடித்து எங்கும் அனுப்பலாம். சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் பெயரும் நோயும் குழுவில் வரக் கூடாது என்று ஆயர் ஒரு வரி உத்தரவு போடலாம். புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் படங்களுக்கும் அதே விதி. வாலிபப் பிள்ளைகளோடு குருவோ போதகரோ ராத்திரியில் தனியாகச் செய்தி பரிமாறக் கூடாது. குழுவில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும்.

*

செயற்கை நுண்ணறிவு. 2023 ஜூனில் ஜெர்மனியின் ஃபூர்த் நகரில் சாட்ஜிபிடி எழுதிய வழிபாட்டைத் திரையில் தெரிந்த உருவங்கள் நடத்தின. 300 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று 'ஃபாதர் ஜஸ்டின்' என்ற கணினிக் குருவை இணையத்தில் உட்கார வைத்தது. நான் உண்மையான குருதான் என்று அது சொன்னது, பாவமன்னிப்பும் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே குருப்பட்டையைக் கழற்றி, வெறும் ஜஸ்டின் ஆக்கிவிட்டார்கள். 2025 மே மாதம் பொறுப்பேற்ற போப் லியோ, 1891இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்தே அந்தப் பெயரை எடுத்ததாகவும், இன்றைய தொழிற்புரட்சி செயற்கை நுண்ணறிவு என்றும் கர்தினால்களிடம் சொன்னார். பேச்சு சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறது.

பங்கு மடலை மொழிபெயர்க்கவும் திருவிழா நிகழ்ச்சி நிரல் போடவும் அந்தக் கருவியைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். பிரசங்கத்துக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை கடலில் ஒரு பையன் தவறிப்போயிருப்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சனிக்கிழமை ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்த ஆள்தான் பேச வேண்டும்; வார்த்தை தடுமாறினாலும் பரவாயில்லை.

*

இன்னொன்று. பல இடங்களில் கோயிலின் யூடியூப் பக்கம் சாமியாரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. மாற்றலாகும்போது பின்தொடர்பவர்களும் அவரோடு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். புதிதாக வந்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார், அல்லது போட்டிக்குத் தொடங்குகிறார். பக்கம் பங்கின் பெயரில் இருக்க வேண்டும். அதில் வரும் கேள்விகளுக்கும் குறைகளுக்கும் மறுமொழி எழுதப் பங்குப் பேரவையிலிருந்து இருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் கோயில் சாவிக்கொத்து, ஞானஸ்நானப் பதிவேடு, கணக்குப் புத்தகம் மூன்றும் கைமாறுகின்றன அல்லவா? கடவுச்சொல்லையும், அதுவரை பதில் எழுதப்படாத செய்திகளின் பட்டியலையும் அவற்றோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.