சயாமுக்குப் போனவன் பெயர்

போர்க்காலக் காதல் கதை எழுதுவது சுலபம். எழுதிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வில்லனைத் தேட வேண்டாம், ஜப்பான்காரன் இருக்கிறான். பிரிவுக்குக் காரணம் தேட வேண்டாம், சயாம் ரயில் இருக்கிறது. மழையும் லயமும் மண்ணெண்ணெய் விளக்கும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்போது எனக்கு ப. சிங்காரம் பித்து. ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையாவுக்கும் மரகதத்துக்கும் கைகூடாமல் போன காதலைப் படித்துவிட்டு, நம்ம மலாக்காவுக்கும் இப்படி ஒன்று வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சிங்காரம் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்து அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர். நான் போர் முடிந்து பல வருஷம் கழித்துப் பிறந்தவன். அந்த வித்தியாசம் உறைக்கவில்லை.

தெங்கேராவில் நாங்கள் குடியிருந்த வரிசையில் ஒரு பாட்டி இருந்தார். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வயதான பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். சாயங்காலம் அஞ்சடியில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவார். நான் நோட்டும் பேனாவுமாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

1942 ஜனவரியில் ஜப்பான் படை மலாக்காவுக்குள் வந்தது. பெண்பிள்ளைகளைச் சிப்பாய்கள் இழுத்துப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும், தோட்டத்தில் வயசுக்கு வந்த பெண்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்களாம். பாட்டிக்கும் அப்படித்தான். மாப்பிள்ளை எதிர் லயத்துப் பையன். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துத் தாலி. கல்யாணச் சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு. மறு வருஷம் ஒரு நாள் பெரட்டில் கிராணி பெயர் வாசித்தார். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆண்கள் லாரி ஏறினார்கள்.

இந்த இடத்தில் பாட்டி விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, லயத்தின் முதல் வீட்டிலிருந்து யார் யார் போனார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். இன்னார் மகன் இன்னார், இந்தியாவில் எந்த ஊர், பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் எத்தனை. ஒரு லயம் முடிந்து அடுத்த லயத்துக்குப் போனார். நான் பேனாவை மூடிவிட்டேன். பெயர்ப் பட்டியல் கதைக்கு எதற்கு?

“அதெல்லாம் இருக்கட்டும் பாட்டி, லாரி ஏறும்போது தாத்தா உங்களைத் திரும்பிப் பார்த்தாரா?”

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அந்த அழுகைச் சத்தத்துல யாரு தம்பி பாத்தா” என்றார்.

கதை ஒரு ஞாயிறு பதிப்பில் வந்தது. நாயகன் பெயர் கதிரவன். (அந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்து லயத்தில் கதிரவன் இருந்தான்? இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.) லாரி போய் ரயிலாகியிருந்தது. மலாக்கா ஸ்டேஷனில் கண்ணீர் மல்க விடைகொடுக்கிறார்கள். போர் முடிந்ததும் நாயகி தினமும் அதே ஸ்டேஷனில் வந்து நிற்கிறாள். கடைசி வரியில் ஒரு ரயில் வருகிறது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. பரிசும் கொடுத்தார்கள்.

பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு பாட்டியிடம் ஓடினேன். அவருக்கு எழுத்து தெரியாது. நானே குரலை ஏற்றி இறக்கி வாசித்துக் காட்டினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால், பாட்டி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பாக்குவெட்டி நிற்கவில்லை. கையிலிருந்ததை முடித்து, இன்னொரு பாக்கையும் எடுத்து வெட்டினார்.

“எந்த ரயிலு தம்பி?”

“நம்ம மலாக்கா ஸ்டேஷன் ரயில்தான், பாட்டி.”

“அந்தத் தண்டவாளத்தைத்தான் சப்பான்காரன் பேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டானே, சயாமுக்கு.”

தம்பின் பக்கமிருந்து மலாக்கா டவுனுக்கு ஒரு கிளைப் பாதை இருந்தது. ஜப்பானியர் அதைக் கழற்றி மரண ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். போருக்குப் பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. மலாக்காக்காரன் இன்றும் ரயில் ஏற புலாவ் செபாங் போக வேண்டும். சின்ன வயதிலிருந்து நானும் அந்தப் பக்கம் பஸ் பிடித்துப் போய்த்தான் ரயில் ஏறியிருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முகம் சுண்டினாலும் சமாளித்தேன். புத்தகமாக வரும்போது ஸ்டேஷனை மாற்றிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அதற்குள் பாட்டி அடுத்ததைச் சொன்னார்.

“நான் எங்க தம்பி போயி நின்னேன்? கைக்கொழந்த பசியில செத்துச்சு. அங்க இங்க கெழங்கு புடுங்கித் தின்னேன். பெறகு இவ அப்பா சோறு போட்டாரு. அவரோட வந்துட்டேன்.”

உள்ளே மகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பாட்டி குரலைத் தாழ்த்தவில்லை.

“அந்த மனுசன் வரலேன்னு நான் அழுததில்ல. வந்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயந்து கெடந்தேன்.”

பத்திரிகை என் மடியில் விரிந்து கிடந்தது. ஓவியர் நாயகிக்குத் தலை நிறைய மல்லிகை வைத்து வரைந்திருந்தார். ஸ்டேஷனை மாற்றலாம். இதை எங்கே போய் மாற்றுவது?

அதற்குப் பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். முட்டிவலி, மீன் விலை. சயாம் பேச்சை எடுத்தால் மட்டும், “அதான் எழுதிட்டியே” என்பார். கோபம்கூட இல்லை. பெயர்களைக் கேட்கும் துணிச்சல் எனக்கு வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இரண்டையும் பிற்பாடு படித்தேன். என் கதிரவனுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்தது. அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, செத்த தேதி. நம் தோட்டத்து ஆட்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். எத்தனை ஆயிரம் என்பதிலேயே கணக்குக்குக் கணக்கு வித்தியாசம்.

பாட்டி எல்லார் பெயரையும் சொன்னார், புருஷன் பெயரைத் தவிர. அந்தக் காலத்துப் பெண்கள் சொல்லமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. பாட்டி காலமான பிறகு மகளிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஜாசின், அசகான், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து உங்கள் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போயிருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். கதை எழுதமாட்டேன்.