11 அங்குலம்

எங்கள் வீட்டு ஜீப்பைப் பற்றி யார் பேசினாலும் ‘அப்பா கட்டுன ஜீப்’ என்றுதான் தொடங்குவார்கள். நாற்பது வயதை நெருங்கும் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது மேலகரம். அங்கே வீட்டின் முன்பக்கம் அப்பாவின் ஒர்க்‌ஷாப், பின் திண்ணையில் அம்மாவின் தையல் மிஷின். ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் அப்பாவுக்கு வெளியூர்க் கார்களின் பிரேக்கும் கிளட்சும். அம்மாவுக்கு ஆண்டு முழுவதும் ஜாக்கெட். இரண்டு வேலையும் ஒரே கூரையின் கீழ்தான் நடந்தன. ஆனால் முன்பக்கம் நடந்தது ‘தொழில்’, பின்பக்கம் நடந்தது ‘கைச்செலவுக்கு’.

1994இல், நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, மேக்கரையில் ஒரு மாந்தோப்பை அப்பா குத்தகைக்கு எடுத்தார். அடவிநயினார் அணைக்குப் பக்கம், மலையடிவாரம். மழை பெய்தால் தோப்புப் பாதை முழங்கால் சேறு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். புது வண்டி வாங்கக் காசு இல்லை. அதனால் கட்டினோம்.

மரத்தில் மோதி உடல் நசுங்கிப்போன ஒரு மஹிந்திரா எம்.எம். 540 விலைக்கு வந்தது. சேஸிஸ் கோணாமல் இருந்தது. பியூஜோ டீசல் எஞ்சினும் பிழைத்திருந்தது. மேலே வைக்கப் பாடிதான் இல்லை. திருநெல்வேலியில் ஒரு காயலான் கடையில் பழைய சி.ஜே. 3பி ஜீப்பின் பாடி மட்டும் கிடந்தது. அதை எடைக்கு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இரண்டும் ஒரே வம்சம். இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் மஹிந்திரா இங்கே கொண்டுவந்து பொருத்தியது. அதிலிருந்து கிளைத்தவைதான் இவை. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றின் பாகம் மற்றதில் உட்கார்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 3பியில் 80 அங்குலம், 540இல் 91. பாடியைத் தூக்கி வைத்தபோது பின் சக்கரம் அதற்கான வளைவுக்குள் வரவில்லை, 11 அங்குலம் பின்னால் தள்ளி நின்றது.

சேஸிஸைக் குறைக்க முடியாது. குறைத்தால் புரொப்பல்லர் ஷாஃப்டிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆகவே பாடியைத்தான் நீட்ட வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், சக்கர வளைவுக்கு முன்னால் குறுக்கே அறுத்து, இடையில் புதுத் தகடு வைக்கலாம் என்று அப்பா முடிவு செய்தார். தகட்டில் சரியாக 11 அங்குலத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டார்.

காபி கொண்டுவந்த அம்மா நின்று பார்த்தாள்.

“ஏங்க, தையலுக்கு விடாமலா வெட்டுதீங்க?”

அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் கோட்டை அழித்தார். பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே ஏறுகிற மாதிரி 13 அங்குலமாக வெட்ட வேண்டும், அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வெல்டிங் பிடிக்கும். அன்று இரவு அம்மா பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, பாடியின் மேல் விரித்து, விளிம்பு வளைகிற இடங்களில் கத்தரித்து, இரண்டு பக்கத்துக்கும் அச்சு எடுத்தாள். நான் ஊசி பிடித்தேன். மறுநாள் அந்தத் தாளை வைத்துத்தான் தகடு வெட்டினார்கள். வெறும் தகடு ஓட்டத்தில் தட்டுகிற மாதிரி சத்தம் போடும் என்று அப்பா கவலைப்பட்டபோது, “ரெண்டு மடிப்பு வைங்க, வெறைச்சு நிக்கும்” என்றாள். துணிக்குப் பொருந்துவது தகட்டுக்கும் பொருந்தியது. நெடுக அடித்த அந்த இரண்டு மடிப்புகளும் கடைசி வரை தளரவில்லை.

அந்த ஜீப்பை அம்மா ஒருநாளும் ஓட்டியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்பா அந்தச் செய்தியை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். எங்கள் ஊர் திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். மலை மலையாக நடந்து திரிந்த குறத்தியைக் குற்றாலக் குறவஞ்சியில் பாடியவர் அவர். பாட்டிலும் செய்தித்தாளிலும் ஊர் சுற்றும் பெண்களை நாங்கள் எப்போதும் மெச்சினோம். தோப்புக்குப் போகும்போது அம்மா பின்சீட்டில் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சீட்டு இருந்த இடமே அவள் நீட்டிக் கொடுத்தது என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

2021இல் அப்பா இறந்தார். காரியம் முடிந்த மறுவாரம் அண்ணன் ஒரு தாளோடு வந்தான். ஜீப்பை வாங்க கேரளத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அம்மாவும் நானும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. கேட்பதில் தவறு இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் மனைவிக்கு ஒரு பங்கு, மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. நிலத்துக்கு மட்டுமல்ல, ஜீப்புக்கும் அதுதான். நம்மில் எத்தனை பேர் வீட்டு வண்டியில் நமக்குப் பங்கு உண்டு என்று நினைத்திருக்கிறோம்?

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தாள். இருபத்தேழு ஆண்டுகளில் அந்த ஜீப் சம்பந்தமாக அவள் பெயர் எழுத ஒரு இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. அதுவும் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதுவதற்கு.

“எனக்கு ஆட்சேபணை இருக்குப்பா” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் காகிதங்களைப் பார்க்கத் தொடங்கினேன். சட்டத்தின் கண்ணில் எங்கள் ஜீப் என்பது சேஸிஸில் குத்திய எண். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெட்டி ஒட்டிய வண்டி சாலையில் முறிந்தால் போவது அடுத்தவர் உயிரும்தான். 1987இல் பதிவான எங்கள் வண்டியின் பதிவு 2022இல் முடிய இருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய புதுப்பித்தல்களை அப்பா எப்படி முடித்தார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

எனக்குக் கிடைத்த கணக்கு இதுதான்: அம்மாவின் பெயரில் அந்த வண்டி சாலையில் ஓட வேண்டுமானால், அம்மா செய்ததை வண்டியிலிருந்து இறக்க வேண்டும். 540க்குரிய பாடியை வைக்க வேண்டும்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். அந்தத் தகட்டைக் கழற்றினால் அவள் செய்தாள் என்பதற்கு வேறு எந்தச் சாட்சியும் இல்லை. இப்படியே தோப்புக்குள் நிறுத்திவிடலாமா என்றுகூடக் கேட்டேன்.

“ஏட்டி, பழைய துணியப் பிரிச்சுத்தான் தைக்கணும். கழட்டு” என்றாள் அம்மா. “ஆனா பேரு எம் பேருல வரணும்.”

கழற்றிக்கொண்டிருக்கிறோம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு வைக்கிறோம். அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். போன வாரம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, “எந்த ஸ்பேனரும்மா?” என்று கேட்டான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிக்கூடப் பார்க்காமல் “பதினேழு” என்றாள்.

540க்கு நல்ல பாடி இன்னும் கிடைக்கவில்லை. பெயர் மாற்றும் விண்ணப்பத்தில் இந்த முறை அண்ணனும் நானும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அறுத்தெடுத்த இரண்டு தகடுகளும் தையல் மிஷினுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. காலண்டர் தாளில் எடுத்த அச்சு இருக்கிறதா என்று கேட்டேன். “ஜாக்கெட் அளவுக் கட்டுக்குள்ள கெடக்கும், பாத்து எடு” என்றாள். இருந்தது. ஓரத்தில் பென்சிலால் 13 என்று அவள் எழுத்தில் எழுதியிருக்கிறது.