கோவளத்துக் குடலும் முட்டுக்காட்டுக் கொய்யாவும்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் நண்பர் வந்து பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அங்கே மண் என்றால் கடல் மணல்தான். யூரியா போட்டால் ஒரு மழைக்கே வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும், போட்ட காசும் கூடவே போய்விடும். "மீன் அமிலம் ஊத்த ஆரம்பிச்ச பிறகுதான் இலை கறுத்துது, காய் பெருத்துது" என்றபடி மரத்தடி மூடாக்கை விலக்கினார். மணல் கறுத்திருந்தது. பிடித்தால் உருண்டையாக நின்றது. உள்ளே மண்புழு நெளிந்தது.

மீன் அமிலத்துக்கு மீன் கழிவும் வெல்லமும் சம எடை. தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. மூடி வைத்து, அவ்வப்போது திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். புழு வைத்தால் வெல்லம் போதவில்லை என்று பொருள். 21 நாளில் நாற்றம் அடங்கிப் பழவாடை வந்துவிடும். தெளிப்பதற்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லியைத் தாண்டக் கூடாது.

இது ஒன்றே போதும் என்று நண்பர் சொல்லவில்லை. மீன் அமிலத்தில் தழைச்சத்து உண்டு, சாம்பல் சத்து குறைவு. கொய்யாவில் இனிப்பு ஏறச் சாம்பல் சத்து வேண்டும். அதற்கும் மியூரேட் பொட்டாஷ் போட்டால் உப்பு மண்ணில் குளோரைடு இன்னும் ஏறும் என்று சல்பேட் பொட்டாஷ்தான் போடுகிறார். இதேபோல், காஷ்மீரில் ஆப்பிளுக்குக் கால்சியம் குறைந்தால் தோலுக்கடியில் கசப்புப் புள்ளி விழும் என்பதால் காய்மேலேயே கால்சியம் தெளிக்கிறார்கள். எந்த மரத்துக்கு எது குறைகிறது என்று பார்த்துக் கொடுப்பதுதான் வைத்தியம்.

மீன் கழிவு கோவளத்திலிருந்து வருகிறது என்றார் நண்பர். அங்கே போனேன்.

குடைக்கடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, அரிவாள்மனையில் சங்கராவைத் திருப்பித் திருப்பிச் செதில், செவுள், குடல் என்று எடுக்கிறார். மாமியார் கொடுத்த அரிவாள்மனையாம், அலகு பாதியாகத் தேய்ந்திருக்கிறது. ஈரத்திலேயே கிடக்கும் விரல்களில் வெடிப்பு.

"வாங்கினவங்க வெட்டுக்கூலி குடுப்பாங்க சார். குடலெல்லாம் நாய்க்கும் காக்காய்க்கும் போவும். இப்போ ஒர்த்தர் டிரம் வச்சிட்டுப் போறாரு, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறாரு. காசா? குப்பைக்கு இன்னா சார் காசு?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் குப்பைதான் லேபிள் ஒட்டிய பாட்டிலாகக் கடையில் நிற்கிறது. வெல்லம் விற்றவருக்குக் காசு, பாட்டில் விற்றவருக்குக் காசு, வண்டிக்காரருக்கும் காசு. வெயிலில் உட்கார்ந்து குடலைப் பிரித்துப் போட்டவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. இயற்கை விவசாயம் என்று பேசுகிறோம். மண்ணுக்குக் காட்டும் கருணையை மனுஷிக்கும் காட்ட வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. முட்டுக்காட்டில் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், மீன் கழிவிலிருந்து இறால் குளத்துக்குப் 'பிளாங்டன் பிளஸ்', பயிருக்கு 'ஹார்ட்டி பிளஸ்' என்று இரண்டு சத்துத் திரவங்களை உருவாக்கியிருக்கிறது. சென்னைப் பட்டினப்பாக்கத்தில் மீனவக் குடும்பங்களின் குழு ஒன்று அந்த முறையைக் கற்று, தானே தயாரித்தது. கோவளத்துப் பெண்களாலும் முடியும். ஒரு கொட்டகையும் முதல் தவணைப் பொருள்களுக்கான கடனும் யாராவது தர வேண்டும்.

அதுவரை, தோப்போ மாடித்தோட்டமோ வைத்திருப்பவர்கள் நேரே கரைக்குப் போங்கள். கழிவை எடை போட்டு வாங்குங்கள். கிலோவுக்கு என்ன விலை என்று அந்த அம்மாக்களிடமே பேசி, காசை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.