ஓரெழுத்து வேற்றுமை

பள்ளியில் பயிலும் என் பேத்தி ஓர் ஐயத்தோடு வந்தாள். "தாத்தா, ஆங்கிலத்தில் 'காம்ப்ளிமென்ட்' என்பதை இருவிதமாய் எழுதுகிறார்களே, ஏன்?"

"நடுவில் 'ஐ' எழுத்து வந்தால் பாராட்டு, 'ஈ' எழுத்து வந்தால் குறையை நிரப்பி முழுமையாக்குவது. ஒலி ஒன்று, பொருள் வேறு. ஆயினும், 'நிறைத்தல்' என்னும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை" என்றேன்.

"அப்படியானால் உங்களை முழுமையாக்குவது பாட்டிதானே? பாட்டியைப் பாராட்டியதுண்டா?"

வாயடைத்துப் போனேன். 40 ஆண்டுகளாக என் குறைகளை நிரப்பியவளுக்கு ஒரு நற்சொல்லும் நான் நல்கியதில்லை.

அன்றிரவு, "குழம்பு மிக நன்று" என்றேன். "உப்புக் கூடிவிட்டதே!" என்றாள் அவள், முகமோ நிறைந்திருந்தது. அன்பர்களே, அவ்விரு சொற்களுக்கும் வேர் ஒன்றே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.